மண்ணுக்கு அவகாசம்

அவர் திட்டாமல் டிராக்டரைக் கிளப்பியதை ஒரே ஒரு நாள்தான் பார்த்திருக்கிறேன். அந்த நாளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன் அவர் எப்படித் திட்டுவார் என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஒரு நாள் அவர் வாய் மூடியிருந்தது யாருக்கும் உறைக்காது.

எழுபதுகளின் தொடக்கம். திருவனந்தபுரம் நகரத்தைத் தாண்டி, ஆற்றோரமாக இருந்த ஓர் அரசு விதைப்பண்ணையில் நான் மேற்பார்வையாளனாக இருந்தேன். பண்ணையின் பெயர் வேண்டாம். அவருடைய பெயரையும் எழுதப் போவதில்லை. அவரைக் கேட்காமல் அவரைப் பற்றி ஏற்கெனவே ஒருமுறை எழுதியிருக்கிறேன், அரசாங்கத் தாளில். அது போதும்.

அவர் பண்ணையின் டிராக்டர் டிரைவர். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். நாற்பது வயது இருக்கும். ஒன்பது வருடமாகத் தற்காலிக ஆள். ஒல்லியான உடம்பு, காதில் எப்போதும் ஒரு பீடி, தலையில் எண்ணெய்க் கறை படிந்த துண்டு.

காலையில் ஷெட்டின் தகரக் கதவு திறக்கும் சத்தத்தோடு ஏச்சும் ஆரம்பிக்கும். முதல் ஏச்சு டிராக்டருக்கு. "எந்திரி சவமே, ஊரெல்லாம் எந்திரிச்சாச்சு." அடுத்தது டீசல் பீப்பாயைச் சரியாக மூடாமல் போனவனுக்கு. அவன் யாரென்று தெரியாவிட்டாலும் அவனுடைய மூன்று தலைமுறைக்கும் அதில் பங்கு உண்டு. பிறகு, வரப்பில் குடை பிடித்து நிற்கும் எங்களுக்கு, ஆள் பெயர் சொல்லாமல், பொதுவாக. வயலில் கல் கிடந்தால் கல்லுக்கும் உண்டு. ஹாரோவின் தட்டு கல்லில் மோதி 'ணங்' என்றால் வண்டியை நிறுத்தி இறங்குவார். கல்லை எடுத்து அதன் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் வெளியே எறிவார். களை எடுக்கும் பெண்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். அது அவருக்கு விளையாட்டு இல்லை.

ஹாரோ என்பது டிராக்டரின் பின்னால் கட்டி இழுக்கும் கருவி. குழிந்த இரும்புத் தட்டுகள் இரண்டு வரிசையாகக் கோத்திருக்கும். கலப்பை புரட்டிப்போட்ட பெரிய கட்டிகளை அது வெட்டி நொறுக்கி, விதை விழுவதற்கு ஏற்ற பொடிமண்ணாக்கும். அவர் அதைச் சட்டி என்றுதான் சொல்வார். "இன்னிக்கிச் சட்டி ஓட்டலாம்", "இன்னிக்கிச் சட்டி எறங்காது" என்று அவர் சொல்வதுதான் பண்ணையில் சட்டம். மேற்பார்வையாளன் நான். ஆனால் வயலில் எப்போது இறங்குவது என்பதை முடிவு செய்தவர் அவர்.

அதற்கு அவரிடம் ஒரு சோதனை இருந்தது. உழுத வயலில் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் அழுத்துவார். உருண்டையாகப் பிடிக்க வேண்டும். கட்டைவிரலால் தொட்டால் உதிர வேண்டும். எங்கள் ஊரில் புட்டுக்கு மாவு நனைப்பது அப்படித்தான். கரிசல்காட்டுக்காரருக்குப் புட்டு இங்கே வந்துதான் பழக்கம். வந்த புதிதில் டீக்கடைக்காரி மாவு நனைப்பதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பொம்பளைக்கு மண்ணு தெரியுது, ஆபீஸருக்குத் தெரியல" என்றாராம். மண் உருண்டை உதிராமல் விரலில் ஒட்டினால் அவ்வளவுதான். அன்றைக்கு டிராக்டர் நகராது. நிழலில் போய்த் துண்டை விரித்துப் படுத்துக்கொண்டு, படுத்தபடியே மழையைத் திட்டுவார்.

ஈரம் கூடிய மண்ணில் அந்தத் தட்டுகள் போனால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். கல்லூரியில் படித்திருக்கிறேன். மண் நொறுங்காது, வெட்டுப்படும். வெட்டுப்பட்ட முகம் சோப்புக்கட்டி போலப் பளபளக்கும். இரண்டு வெயில் பட்டால் செங்கல். அதில் போட்ட விதை முளைத்தாலும் மேலே வராது. நான் இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினேன். அவர் இதற்காக மனிதர்களைப் பகைத்துக்கொண்டார்.

அவர் கோபத்துக்கு ஒரே காரணம்தான் என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று. அவசரம். மண் தயாராகும் முன் அதன் மேல் ஏறுகிறவனை அவரால் பொறுக்க முடியாது. அந்த அவசரக்காரன் பெரும்பாலும் நானாக இருந்தேன்.

ஒருமுறை கோடையில் தரை இறுகிப்போய் ஹாரோ மண்ணில் கடிக்காமல் மேலோடு வழுக்கிக்கொண்டு போயிற்று. அப்படி இருந்தால் அதன் சட்டத்தின் மேல் பாரம் வைப்பார்கள். அதற்கென்று அவர் இரண்டு கருங்கல்லும் மணல் மூட்டைகளும் வைத்திருந்தார். அன்று யாரோ கல்லைக் கொண்டுபோய்க் கொட்டகை வாசலில் படியாகப் போட்டிருந்தார்கள். வேலை நிற்கக்கூடாது என்று மேஸ்திரி இரண்டு வேலைக்காரப் பெண்களை ஹாரோவின் மேல் ஏறி உட்காரச் சொன்னான். என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

அவர் ஆசனத்தில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தார். எஞ்சினை அணைத்தார். இறங்கி வந்தார். பெண்களிடம் குரலைத் தாழ்த்தி, "எறங்குங்க தாயி, சட்டி காலக் கேக்கும்" என்றார். அவர்கள் இறங்கிய பிறகு என்னிடம் திரும்பினார்.

"சார், நீங்க வந்து உக்காருங்க. படிச்சவங்க, கனம் கூட இருக்கும்."

பெண்கள் துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. அன்று மாலை அவருக்கு மெமோ எழுத உட்கார்ந்தேன், எழுதவில்லை. என்னை நல்லவனாக்கிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. மெமோ எழுதினால் காரணத்தையும் எழுத வேண்டியிருந்தது.

இங்கே என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பா திருவனந்தபுரத்தில் சாலை என்னும் கடைத்தெருவில் ஒரு மொத்தத் தானியக் கடையில் கணக்குப்பிள்ளை. நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வீட்டில் தமிழ்தான். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பெயர் 'பாண்டி'. தமிழனை இளப்பமாகச் சொல்லும் வார்த்தை அது. சொன்னவர்களில் பாதிப்பேருக்கு அதில் இளப்பம் இருப்பதே தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. பதினான்கு வயதில் ஒரு முடிவு செய்தேன். மலையாளத்தை அவர்களைவிட நன்றாகப் பேசுவது. செய்தும் காட்டினேன். கல்லூரியில் என்னைத் தமிழன் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. என் பெயர் இரண்டு பக்கமும் செல்லுபடியாகும் பெயர். பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தபோது, நான் கொல்லத்துப் பக்கம் என்று ஒரு குமாஸ்தா தானாகவே நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை.

அவர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். டிராக்டரின் சூடான குழாயில் என் கை பட்டபோது என் வாயிலிருந்து மலையாளத்து 'அம்மே' வரவில்லை, 'யம்மோவ்' வந்தது. அதற்குமேல் அவருக்குச் சாட்சி வேண்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து என்னிடம் தமிழில்தான் பேசினார். நான் மலையாளத்தில் பதில் சொன்னேன். மூன்று வருடம் இப்படியே ஓடிற்று. சில நாள் பொறுமையிழந்து கேட்பார்: "தமிழ வாய்க்குள்ள வச்சிக்கிட்டு எதுக்கு சார் மலையாளத்தத் துப்புதிய?"

ஒரு நாள் என் அப்பா பண்ணைக்கு வந்துவிட்டார். ஏதோ கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தார்கள், சொல்லிவிட்டுப் போக வந்தார். வேட்டியை முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் முறுக்குப் பொட்டலத்தோடு ஆபீஸ் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லி, "சாப்பிட்டியாப்பா?" என்றார். உள்ளே குமாஸ்தாவும் இரண்டு பேரும் இருந்தார்கள். நான் மலையாளத்தில் பதில் சொன்னேன். அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அவருக்குத் தெரிந்த கடைத்தெரு மலையாளத்தில், தட்டுத்தடுமாறி, கல்யாணத் தேதியைச் சொல்லிவிட்டுப் போனார். குமாஸ்தா, "ஆரா அது?" என்று கேட்டார். தெரிந்த கடைக்காரர் என்றேன்.

 

டிரைவர் அப்போது வாசல் வேம்படியில் உட்கார்ந்து ஹாரோ தட்டுக்கு அரம் போட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். அன்று அவர் ஏசவில்லை. நான் அந்தப் பக்கம் போனபோது தலையைத் தூக்காமல் அரத்தை இன்னும் வேகமாக இழுத்தார். இரும்புப்பொடி அவர் முழங்காலில் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் வந்தது. என் வீட்டு விஷயம், இவருக்கென்ன? அந்த ஆத்திரம் மாதக்கணக்கில் எனக்குள் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு அந்த வருடம் வந்தது. தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்கும் ஃபைல் நகர ஆரம்பித்திருந்தது. எங்கள் பண்ணையிலிருந்து போன பட்டியலில் அவர் பெயர் முதலில். ஒன்பது வருடமாக ஊருக்கும் இங்கேயுமாக அலைந்தவர் முதல்முறையாக நம்பினார். பங்குனியில் மனைவியை அழைத்து வந்தார். ஷெட்டை ஒட்டி, வயலின் ஓரத்தில், தென்னங்கீற்றில் ஒரு சாய்ப்பு இறக்கிக்கொள்ளட்டுமா என்று என்னிடம் கேட்டார். கேட்டார் என்றால் அவர் பாணியில்தான்: "சார், ஒங்க ஷெட்டுல எலிதான் குடும்பம் நடத்துது. நான் ஓரமா ஒரு கூரை போட்டுக்கிடுதேன், ஆர்டர் வர்ற மட்டும்." நான் வாயால் சரி என்றேன். காகிதத்தில் எதுவும் எழுதவில்லை. உழுத வயலின் ஒரு மூலையை மறைத்துக்கொண்டு அந்தக் கூரை நின்றது. காலையில் அதிலிருந்து புகை வரும். அந்த அம்மாள் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து இவர் பேசினார். ஆனால் அந்த ஒன்றரை மாதம் அவர் ஏச்சில் காரம் குறைந்திருந்தது. டிராக்டரைச் 'சவமே' என்பதற்குப் பதிலாக 'ராசாத்தி' என்று ஒருநாள் சொன்னதைக் கேட்டேன்.

சித்திரையில் பொடிவிதை. மழைக்காலத்துக்கு முன் வயலைப் புழுதியாக்கி, நெல்லை உலர்ந்த மண்ணிலேயே விதைப்பது. அந்த வருடம் அதை ஒரு விழாவாக்க முடிவு செய்தார்கள். தலைமைச் செயலகத்திலிருந்து ஒரு பெரியவர் வந்து முதல் விதை போடுவார். வாழைமரம், பந்தல், நாதஸ்வரம், போட்டோக்காரர். உழவு முடிந்தாயிற்று. ஹாரோ ஓட்டுவதுதான் பாக்கி. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் கோடைமழை கொட்டிற்று. ஆற்றோர மண், சொல்ல வேண்டுமா? மறுநாள் காலையில் காலை வைத்தால் செருப்பு திரும்பி வரவில்லை.

அன்று காலை நகரத்திலிருந்து மேலதிகாரி ஏற்பாடுகளைப் பார்க்க வருகிறார் என்று தகவல். நிரந்தர ஃபைல் அவர் மேஜையில்தான் இருந்தது. நான் டிரைவரைத் தனியாகக் கூப்பிட்டேன். சொன்னேன், மலையாளத்தில்: இன்றைக்கு மட்டும் வாயை அடக்குங்கள். கத்த வேண்டாம், ஏச வேண்டாம். என்ன கேட்பதானாலும் மரியாதையாக, நல்ல வார்த்தையாகப் பார்த்துக் கேளுங்கள். உங்கள் ஃபைல் அவர் கையில் இருக்கிறது.

அவர் காதிலிருந்த பீடியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். "சரி சார்" என்றார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

மேலதிகாரி வந்தார். வரப்பில் நின்று வயலைப் பார்த்தார். நாளை விழா, இன்று மாலைக்குள் மண் பொடியாக வேண்டும், டிராக்டரை இறக்கு என்றார். டிரைவர் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து அழுத்தினார். அது களிமண்ணாக விரலிடுக்கில் பிதுங்கிற்று. அந்தக் கையை நீட்டிக்கொண்டே மேலதிகாரியின் முன் வந்து நின்றார். வேறு நாளாக இருந்தால், "கண்ணு பொட்டையா, சேத்துல சட்டி ஓட்டச் சொல்லுதிய" என்றிருப்பார். திட்டு கிடைத்திருக்கும், ஆனால் விஷயம் எல்லோருக்கும் விளங்கியிருக்கும். அன்று அவர் நல்ல வார்த்தை தேடினார். எங்கேயோ கோர்ட்டிலோ சொசைட்டியிலோ கேட்ட ஒரு கௌரவமான சொல் அவருக்கு அகப்பட்டது.

"ஐயா, அவகாசம் வேணும்" என்றார், கையைக் கட்டாத குறையாக.

தமிழில் அவகாசம் என்றால் தவணை, பொறுத்திருக்கும் காலம். மலையாளத்தில் அதே சொல்லுக்கு உரிமை என்று அர்த்தம். ஊர்வலத்தில் கோஷம் போடும் சொல் அது. கொடி பிடித்தவர்கள் கேட்கும் சொல். அந்த வருடங்களில் அதற்கு இன்னொரு கூர்மையும் இருந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு இருப்பவர்களுக்கு அந்த இடத்தின் மேல் உரிமை உண்டு என்று சட்டம் வந்திருந்தது. குடிகிடப்பு அவகாசம் என்று அதற்குப் பெயர். நிலம் வைத்திருந்தவர்கள் எல்லாம் அந்த வார்த்தையைக் கேட்டாலே மிரண்டார்கள். மேலதிகாரியின் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. அதில் குடிசைகளும் இருந்தன.

"அவகாசமோ?" என்றார் அவர்.

"ஆமாங்கய்யா. இந்த மண்ணுக்கு அவகாசம் வேணும்."

மேலதிகாரியின் பார்வை வயலைத் தாண்டிப் போயிற்று. மூலையில் கீற்றுக்கூரை. அதிலிருந்து புகை. வாசலில் ஒரு பெண் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அது யாரென்று கேட்டார். "என் வீட்டுக்காரி" என்றார் டிரைவர், கொஞ்சம் பெருமையோடு.

"அப்போ வீடும் வச்சு. இனி அவகாசமும் வேணும்" என்றார் மேலதிகாரி. வீடு கட்டியாயிற்று, இனி உரிமையும் வேண்டுமாம்.

டிரைவர் தலையாட்டினார். தன் கோரிக்கை அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு வருவதை அன்றுதான் பார்த்தேன். "மூணு நாளு போதும்ங்கய்யா" என்றார்.

மேலதிகாரி அதைக் காதில் வாங்காமல் என் பக்கம் திரும்பினார். இந்தப் பாண்டி என்ன சொல்கிறான், குடிகிடப்பா என்று மலையாளத்தில் கேட்டார்.

என்னிடம் பதில் இருந்தது. நாக்கின் நுனியில் இருந்தது. 'சமயம்' என்று ஒரு சொல், மலையாளத்தில் நேரத்துக்கு அதுதான். அவர் கேட்பது சமயம், சார். முடிந்தது. ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: உனக்கெப்படி இவ்வளவு தமிழ் தெரியும்? குமாஸ்தா பின்னால் நின்றார். மேஸ்திரி நின்றான். அந்த நேரத்தில் இன்னொன்றும் எனக்குள் எழுந்தது. மறைக்க மாட்டேன். வேம்படியில் தலையைத் தூக்காமல் அரம் போட்ட அந்தக் கை. ஒரு நாளாவது இவர் தலை குனியட்டும் என்று நினைத்தேன்.

"எனிக்கு தமிழ் பிடியில்ல, சார்" என்றேன். எனக்குத் தமிழ் விளங்காது.

ஒன்பது வருடம் கேரளத்து மண்ணில் அலைந்தவர், இந்த அளவு மலையாளம் அவருக்குப் புரியும். நீட்டிய கையில் சேறு இருந்தது. அதை மெதுவாக மடக்கிக்கொண்டார். என்னைப் பார்த்தார். அவர் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால், 'இவன் சாலைத் தமிழன்யா, இவன் அப்பன் முறுக்கு கொண்டு வந்தான்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், என் கதை அங்கே முடிந்திருக்கும். சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று ஐம்பது வருடமாக யோசிக்கிறேன். வாயை அடக்கச் சொன்னேன், அடக்கினார். அவ்வளவுதானோ என்னவோ.

மேலதிகாரி நின்ற இடத்திலேயே உத்தரவு போட்டார். மாலைக்குள் அந்தக் குடிசை போக வேண்டும். நாளை முதல் இவன் வேலைக்கு வேண்டாம். பட்டியலில் இவன் பெயரை அடித்துவிடு. அவர் ஜீப் வரை நான் கூடவே நடந்தேன். அது ஒரு பர்லாங் தூரம். வழியெல்லாம் பந்தலைப் பற்றிப் பேசினோம். சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்ல எனக்கு முழுதாக ஒரு பர்லாங் இருந்தது.

பிற்பகல் நான்கு ஆட்களோடு குடிசைக்குப் போனேன். பிரிக்க எதுவும் மிச்சமில்லை. அவரே கீற்றுகளை இறக்கி அடுக்கியிருந்தார். அந்த அம்மாள் ஒரு டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, அணைத்த அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்களைத் தூரப் போகச் சொல்லிவிட்டு, மூன்று வருடத்தில் முதல்முறையாக டிரைவரிடம் தமிழில் பேசினேன். தப்புப் பண்ணிவிட்டேன், நாளைக்கு ஆபீஸுக்குப் போய்ச் சொல்லி ஏதாவது பார்க்கிறேன் என்றேன்.

அவர் குறுக்கிட்டார். "நீங்க மலையாளத்துலயே சொல்லுங்க சார். எனக்கு வெளங்கும்."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் ஒட்டு இருக்கிறது என்று அர்த்தம். அவருடைய கோபத்தில் மூன்று வருடம் நனைந்தவன், அது இல்லாமல் போன அந்த நிமிடத்தில்தான் இதை உணர்ந்தேன்.

அப்புறம் டிராக்டரைக் கிளப்பினார். ஒரு வார்த்தை இல்லை. எஞ்சின் சத்தம் மட்டும். பெரிய வயலில் அவர் இறங்கவில்லை. குடிசை நின்ற இடத்துக்கு வந்தார். கூரையின் கீழ் இருந்ததால் அந்த இடத்தில் மழை படவில்லை. மேலே மிதிபட்ட தரை, நாலு விரல் கீழே மண் பதமாக இருந்தது. பண்ணை முழுவதிலும் அன்று சட்டி இறங்கக்கூடிய இடம் அது ஒன்றுதான், ஒன்றரை சென்ட். கருங்கல் இரண்டையும் ஏற்றிக்கொண்டு முதலில் நெடுக்காக ஓட்டினார். பிறகு குறுக்காக. பிறகு மூலைக்கு மூலை. அடுப்பு இருந்த இடம், அவர்கள் படுத்த இடம், தண்ணீர்ப்பானை வைத்த இடம், எல்லாவற்றின் மேலும் தட்டுகள் போயின. எத்தனை முறை என்று எண்ணவில்லை. முடிந்தபோது அந்த மண் சலித்த மாவு போல இருந்தது. அப்படி ஒரு நாற்றுமேட்டை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

சாவியை ஆசனத்தின் மேல் வைத்துவிட்டு இறங்கினார். பெட்டியைத் தோளில் ஏற்றினார். அந்த அம்மாள் பின்னால் நடந்தார். பஸ் வரும் ரோட்டுக்கு வயலைச் சுற்றிப் போக வேண்டும். வரப்பில் ஓரிடத்தில் நின்று காலில் ஒட்டிய சேற்றை வழித்துவிட்டுப் போனார்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிராக்டரை ஓட்டக்கூடிய ஒரு மெக்கானிக்கை வரவழைத்து, இருட்டுவதற்குள் பெரிய வயலில் ஹாரோ ஓட்டச் சொன்னேன். எல்லாம் பாளம் பாளமாக வெட்டுப்பட்டது. மே மாத வெயிலில் காய்ந்து இறுகியது. அந்த வயலில் போட்ட விதை அந்தப் போகம் வரவில்லை. காரணம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. 'முன்னாள் தற்காலிக டிரைவரின் அலட்சியத்தால் நிலம் உரிய பக்குவத்தில் தயாராகவில்லை' என்று பதில் எழுதினேன். நல்ல மலையாளம். ஒரு பிழை கிடையாது. அவரை எங்கெங்கோ விசாரித்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. விசாரிக்கவில்லை. பதவி உயர்ந்தேன், ஓய்வு பெற்றேன். அப்பா இறந்தபோது சாலைக் கடைத்தெருவில் தெரிந்தவர்கள் எல்லாம் வந்தார்கள், ஆபீஸில் ஒருவருக்கும் நான் சொல்லவில்லை.

விழா நாளைப் பற்றி இன்னும் சொல்லவில்லை.

காலை பத்து மணி. பெரியவர் காரிலிருந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பின்னால் ஒருவர் குடை பிடித்துக்கொண்டு. பெரிய வயலில் அவரை இறக்க முடியாது. செருப்பு போய்விடும். அதனால் பந்தலை ராத்திரியோடு ராத்திரியாக மூலைக்கு மாற்றியிருந்தோம். வாழைமரங்களை அந்த ஒன்றரை சென்ட்டைச் சுற்றி நட்டிருந்தார்கள். நான் விதைமுறத்தை ஏந்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன். நாதஸ்வரம் நின்றது. பெரியவர் விதையை எடுக்கவில்லை. முதலில் குனிந்து மண்ணைத் தொட்டார். விவசாயக் குடும்பத்தில் பிறந்தவராக இருக்க வேண்டும். ஒரு பிடி அள்ளி விரலிடுக்கில் விட்டார். அது தண்ணீர் போல விழுந்தது.

"இது ஆரு செய்தது?" என்று கேட்டார். குரலில் உண்மையான மரியாதை இருந்தது.

மேலதிகாரி என் தோளில் கையை வைத்தார். "நம்முடெ ஆள்" என்றார்.

நம்முடைய ஆள். பதினான்கு வயதிலிருந்து நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை.

முறத்தை மேஸ்திரியிடம் கொடுத்துவிட்டுக் கைகூப்பினேன்.